யார் தீர்மானிப்பது?
(தொலைதூரப் பூர்வகுடிக் குடும்பங்களுக்கான நிவாரண நிதி திரட்டும் கூட்டமொன்றில், மெல்பேர்ண் தமிழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த மண் குலின் தேசத்து வுருண்ட்ஜெரி மக்களுடைய மண். மண்ணுக்குரியவர்களை வணங்கிக் கூட்டத்தைத் தொடங்குவது இந்த நாட்டு வழக்கம். வணங்கிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவதும் ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. இன்று அப்படிப் போகப் போவதில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அவர்களைப் பற்றியது. பாலைவனத்தின் நடுவிலும் வடக்குக் கரையோரத்திலும், நகரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வாழும் பூர்வகுடிக் குடும்பங்களைப் பற்றியது. அவர்களுக்கு ஓர் அவசரம் வரும்போது யார், எதை, எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

காசு கேட்கத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். கேட்கத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி வைக்கிறேன். ஒருவர் பசித்திருக்கிறார், நீங்கள் கொடுக்க வந்திருக்கிறீர்கள். எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எந்தக் கையில் கொடுப்பது: இதையெல்லாம் தீர்மானிப்பது யார்? கொடுப்பவரா, பெறுபவரா? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் இருநூறு ஆண்டு வரலாறும் விளங்கும். நாளைக்கு நாம் செய்ய வேண்டியதும் விளங்கும்.

முதலில் அந்த ஊர்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே 530 கிலோமீற்றர் அளவு போனால் கின்டோர் என்ற ஊர். பின்டுபி மக்களின் ஊர். வழியில் பெரும்பகுதி செம்மண் பாதை. பெருமழை பெய்தால் பாதை மூடப்படும். வடக்கே ஆர்னம் லாண்டில் மழைக்காலம் வந்துவிட்டால் பல ஊர்களுக்குத் தரைவழியே கிடையாது. சரக்குப் படகு வர வேண்டும், இல்லையேல் சிறு விமானம் வர வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் பெரும்பாலும் ஒரே ஒரு கடை இருக்கும். அந்தக் கடையில் மாவும் பாலும் பழமும் நகரத்துப் பல்பொருள் அங்காடியின் விலையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விற்கும். 2020 இல் பாராளுமன்றக் குழுவொன்று இந்த விலைகளை விசாரித்து அறிக்கை எழுதியது என்றால், நிலைமையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது மின்சாரம். வட பிராந்தியத்தின் தொலைதூர ஊர்களில் மின்சாரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். கட்டிய காசு தீர்ந்தால் வெளிச்சம் போகும், குளிர்சாதனப் பெட்டி நிற்கும். 2018–19 நிதியாண்டில் 28 ஊர்களில் 3,300 வீடுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? அந்த ஓராண்டில் 91 சதவீத வீடுகளில் ஒரு தடவையாவது மின்சாரம் நின்றுபோயிருக்கிறது. 74 சதவீத வீடுகளில் பத்துத் தடவைக்கு மேல் நின்றுபோயிருக்கிறது. வெயில் கொளுத்தும் நாட்களில் அது அதிகம் நிற்கிறது. வெளியே நாற்பது பாகை, உள்ளே நீரிழிவுக்காரர் ஒருவரின் இன்சுலின் மருந்து, பெட்டியோ ஓடவில்லை. இதற்குப் பெயர் அவசரம் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

அவசரம் என்றால் நமக்கு வெள்ளமும் தீயும் சூறாவளியும்தான் ஞாபகம் வரும். அந்தக் குடும்பங்களுக்கு அவசரம் அதைவிடச் சிறிய உருவத்திலும் வரும். குளிர்சாதனப் பெட்டி பழுதாவது ஓர் அவசரம். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த தாய், திரும்பிப் போகக் காசில்லாமல் நகரத்தில் நிற்பது ஓர் அவசரம். நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தவரின் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோவது பெரிய அவசரம். அந்தச் செலவில் ஒரு குடும்பமே ஆண்டுக்கணக்கில் கடனாளியாகலாம். பாலைவனம் என்றால் வெயில் என்று நினைக்கிறோம். ஆடி மாதத்து இரவில் அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். அப்போது ஒரு கம்பளி இல்லாதிருப்பதும் அவசரம்தான்.

இந்த அவசரங்களுக்கு உதவி இல்லாமலில்லை. அரசு நிவாரண நிதி ஒதுக்குகிறது. இரட்சணிய சேனை, வின்சென்ட் டி போல் சங்கம், செஞ்சிலுவைச் சங்கம், திருச்சபை அமைப்புகள் எல்லாம் உணவுப் பொதியும் கடைச் சீட்டும் கொடுக்கின்றன; மின்கட்டணத்தில் ஒரு பங்கைக் கட்டுகின்றன; எரிபொருளுக்கு உதவுகின்றன. அவர்களுக்கு நம் நன்றி உரியது. அப்படியானால் நான் கேட்ட கேள்வி எதற்கு? அதற்குத்தான் வரலாற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இந்த மண்ணில் நிவாரணத்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், நீர்நிலைகளில் மாடுகளை இறக்கினார்கள், வேட்டையும் கிழங்கும் அருகின. பிறகு மாவும் சீனியும் தேயிலையும் புகையிலையும் அளந்து கொடுத்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் ஆண்டுக்கு ஒருமுறை, மகாராணியின் பிறந்தநாளில், கம்பளி கொடுத்தார்கள். எடுத்தது ஒரு கண்டம். கொடுத்தது ஒரு கம்பளி! அந்த மாவும் எப்போதும் மாவாக இருக்கவில்லை. 1842 இல் இன்றைய குயின்ஸ்லாந்தின் கில்காய் என்ற பண்ணையில் நஞ்சு கலந்த மாவைக் கொடுத்தார்கள். உண்ட மக்கள் பலர் மாண்டார்கள். இன்றைக்கும் ஒரு மூதாட்டி, வெளியார் கொண்டுவரும் பொதியைத் தயங்கித் தயங்கி வாங்கினால், நன்றியில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தயக்கத்துக்கு வயது நூற்றெண்பதுக்கு மேல்.

பங்கீட்டு மாவு கொடுத்தவர்கள் கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தார்கள். இங்கே இரு, அங்கே போகாதே. இவனைக் கட்டு, அவளைக் கட்டாதே. பிள்ளையை விடுதியில் விடு. 1897 இல் குயின்ஸ்லாந்து ஒரு சட்டம் போட்டது. பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் வழியே பூர்வகுடித் தொழிலாளரின் கூலியை அரசு அதிகாரிகள் தம் கையில் வைத்துக்கொண்டார்கள். உழைத்தவர் தன் காசைத் தானே கேட்டுக் கையேந்த வேண்டியிருந்தது. அந்தக் கூலிக்கான வழக்கில், 2019 இல்தான், 190 மில்லியன் டொலர் கொடுக்கக் குயின்ஸ்லாந்து அரசு உடன்பட்டது. உழைத்தவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

முதியோர் உதவிப் பணம்? 1959 இல் சட்டத்தைத் திருத்திப் பூர்வகுடியினர் பெரும்பாலோரையும் அதில் சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் பலருடைய பணம் அவர்கள் கைக்கு வரவில்லை. மிஷன் நிர்வாகத்தின் கைக்கும் மாட்டுப் பண்ணை நிர்வாகத்தின் கைக்கும் போனது. பெயர் அவர்களுடையது, பணம் அவர்களுடையது; தீர்மானம் மட்டும் பிறருடையது.

நண்பர்களே, இதற்கு நேர்மாறான ஒரு கதையையும் கேளுங்கள்.

வட பிராந்தியத்தில் வேவ் ஹில் என்ற மாட்டுப் பண்ணை. பிரித்தானிய வெஸ்டி நிறுவனத்தின் பண்ணை. அங்கே வேலை செய்தவர்கள் குரிண்ட்ஜி மக்கள், தங்கள் சொந்த நிலத்திலேயே. கிடைத்தது உப்பிட்ட இறைச்சி, மாவு, தேயிலை, சீனி, மிகச் சொற்பக் கூலி. 1966 ஆகஸ்ட் 23 ஆம் திகதி, வின்சென்ட் லிங்கியாரி என்ற பெரியவர் தலைமையில் இருநூறு பேர் அளவில் பண்ணையை விட்டு நடந்து வெளியேறினார்கள். கூலி கேட்டு நடந்தவர்கள், கொஞ்ச நாளில் நிலத்தையே கேட்டார்கள். வாட்டி கிரீக் என்ற ஓடைக்கரையில் குடியமர்ந்தார்கள். இன்று அந்த ஊர் டகுராகு.

நடந்து வெளியேறிவிட்டால் போதுமா? சாப்பாட்டுக்கு என்ன வழி? பங்கீட்டு மாவு நின்றுபோனதே! அப்போது டார்வினிலிருந்து ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறி கிளம்பியது. ஓட்டியவர் பிரையன் மானிங் என்ற துறைமுகத் தொழிலாளி. கரடுமுரடான பாதையில் எண்ணூறு கிலோமீற்றர் அளவு தூரம். மாவும் சீனியும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு அந்த லொறி மறுபடி மறுபடி போனது. தொழிற்சங்கங்கள் நிதி திரட்டின. தெற்கே மாணவர்கள் கூட்டம் போட்டார்கள்.

கவனியுங்கள். பண்ணைக்காரர் கொடுத்ததும் மாவு. மானிங் கொண்டுபோனதும் மாவு. அதே சீனி, அதே தேயிலை. பண்ணைக்காரரின் மாவு, இங்கேயே கிட என்றது. மானிங்கின் மாவு, நீங்கள் எடுத்த முடிவில் நில்லுங்கள் என்றது. முடிவை எடுத்தவர் லிங்கியாரி. லொறி அந்த முடிவுக்குப் பின்னால் போனது. ஒன்பது ஆண்டு நின்றார்கள். 1975 ஆகஸ்ட் 16 ஆம் திகதி பிரதமர் கஃப் விட்லம் அந்த மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையில் கொட்டினார். நிவாரணம் என்றால் இப்படி இருக்க வேண்டாமா?

அத்தோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை.

2007 ஜூன் மாதம். வட பிராந்தியத்தில் பிள்ளைகளுக்கு நேரும் கொடுமைகளைப் பற்றி பாட் ஆண்டர்சன் என்ற பூர்வகுடிப் பெண்மணியும் ரெக்ஸ் வைல்ட் என்ற சட்ட அறிஞரும் ஓர் அறிக்கை எழுதியிருந்தார்கள். வேதனை நிறைந்த அறிக்கை. அதன் முதல் பரிந்துரையே, அந்த மக்களோடு உண்மையாகக் கலந்து பேசித் திட்டம் போடுங்கள் என்பதுதான். மத்திய அரசு என்ன செய்தது? அதையே அவசரநிலை என்று அறிவித்தது. படையினரை அனுப்பியது. இன ஒதுக்கலைத் தடுக்கும் சட்டத்தை இந்த நடவடிக்கைகளுக்குப் பொருந்தாதபடி நிறுத்திவைத்தது. குறிக்கப்பட்ட 73 ஊர்களில், குடித்தவர் குடிக்காதவர், பிள்ளையைப் பார்த்தவர் பார்க்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல், அரசு உதவிக் கொடுப்பனவில் பாதியைப் பிடித்து வைத்தது. அடுத்த ஆண்டு ஓர் அட்டை வந்தது. அந்தப் பாதியை அனுமதிக்கப்பட்ட கடையில், அனுமதிக்கப்பட்ட பொருளுக்கு மட்டும் செலவழிக்கலாம். வாழ்நாளில் குடியைத் தொடாத பாட்டிமாரும் அந்த அட்டையோடு வரிசையில் நின்றார்கள்.

சிலர் கேட்கலாம்: காசைக் கையில் கொடுத்தால் வீணாகாதா? குடிக்குப் போகாதா? நியாயமான கேள்வி. பூர்வகுடித் தலைவர்களே அதைக் கேட்டிருக்கிறார்கள். குயின்ஸ்லாந்தின் கேப் யோர்க்கைச் சேர்ந்த நோயல் பியர்சன், உழைப்பில்லாமல் வரும் கொடுப்பனவு தன் மக்களை அழிக்கிறது என்று 2000 ஆம் ஆண்டிலேயே உரக்கச் சொன்னவர். அவர் முன்னின்று வாதாடியதன் பயனாக 2008 இல் கேப் யோர்க்கின் நான்கு ஊர்களில் ஒரு குடும்பப் பொறுப்பு ஆணையம் அமைந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போகாவிட்டால் பெற்றோரை அழைப்பார்கள்; பேசிப் பார்ப்பார்கள்; கடைசி வழியாகக் கொடுப்பனவைக் கட்டுப்படுத்தவும் செய்வார்கள். அந்த ஆசனத்தில் அந்தந்த ஊர் மூத்தோர் அமர்ந்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தை மூன்று தலைமுறையாக அறிந்த மாமியோ பெரியப்பாவோ கேட்பார்கள். இதிலும் குறை காண்பவர்கள் உண்டு. ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். இரண்டு இடத்திலும் பணத்துக்குக் கட்டுப்பாடு. ஓரிடத்தில் தலைநகரம் தீர்மானித்தது. மற்ற இடத்தில் ஊர் தீர்மானித்தது.

இனி வெள்ளத்துக்கு வருவோம்.

2023 ஜனவரி. கிம்பர்லியில் ஃபிட்ஸ்ரோய் ஆறு 15.81 மீற்றர் உயரத்துக்கு எழுந்தது. மேற்கு அவுஸ்திரேலியா கண்ட மிகப் பெரிய வெள்ளம் என்றார்கள். ஃபிட்ஸ்ரோய் குரோசிங் பாலம் உடைந்தது. உணவும் மருந்தும் வானத்திலிருந்துதான் இறங்க வேண்டியிருந்தது. ஹெலிகொப்டர்கள் வந்தன, படை வந்தது, அது இல்லாமல் முடியாது. ஆனால் எந்த வீட்டில் படுக்கையிலிருக்கும் கிழவர், எந்த மேட்டில் எந்தக் குடும்பம் ஒதுங்கியிருக்கும், யாரை யாரோடு ஒரே கூடாரத்தில் வைக்கக்கூடாது என்ற விவரமெல்லாம் எந்த ஹெலிகொப்டருக்குத் தெரியும்? அது ஊர்ப் பெண்களுக்குத் தெரியும், மூத்தோருக்குத் தெரியும்.

அதே ஆண்டு மார்ச் மாதம் வெள்ளம் டகுராகுவுக்கும் பக்கத்து ஊரான கல்கரிண்ட்ஜிக்கும் வந்தது. ஆம், லிங்கியாரி மண்ணை வாங்கிய அதே ஊர். அங்கிருந்தும் அயலூர்களிலிருந்தும் எழுநூறு பேர் அளவில் வெளியேற்றப்பட்டு, டார்வினுக்கு அருகே ஒரு முகாமில் வாரக்கணக்கில் தங்கினார்கள். முகாம் என்றால் என்ன என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை. போரிலும் ஆழிப்பேரலையிலும் நிவாரண வரிசையில் நின்றவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். அரிசி தந்த கையை மறக்கமாட்டோம். அரிசியை எப்படித் தந்தார்கள் என்பதையும் மறந்திருக்கமாட்டோம்.

வரும் என்று சொன்னவர்களின் பேச்சைக் கேட்காமல் விட்ட அவசரமும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் மேற்கே வில்கானியா, பார்க்கிண்ட்ஜி மக்களின் ஊர். வீடுகளில் நெரிசல் அதிகம், தொற்று வந்தால் தனித்திருக்க இடமில்லை என்று அப்பகுதியின் பூர்வகுடி மருத்துவ அமைப்பான மாரி மா 2020 மார்ச்சிலேயே மத்திய அமைச்சருக்கு எழுதியது. 2021 ஆகஸ்டில் கொரோனா அந்த ஊருக்குள் புகுந்தது. அதன் பிறகுதான் தனித்திருக்க வசதியாக, படுக்கையுள்ள வீட்டு வண்டிகள் வந்தன. நோயாளிகள் அதற்கு முன் முற்றத்தில் கூடாரம் அடித்துப் படுத்தார்கள். கடிதத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு!

அப்படியானால் சரியான வழி எது? அவர்களே காட்டியிருக்கிறார்கள்.

மறுபடி கின்டோருக்குப் போவோம். சிறுநீரக நோய் அந்தப் பகுதியை வாட்டியது. டயலிசிஸ் வேண்டுமென்றால் அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத்தான் போக வேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை செய்ய வேண்டிய சிகிச்சை. போனவர் ஊர் திரும்ப முடியாது. மூத்தோர் சொந்த மண்ணையும் பேரப்பிள்ளைகளையும் பிரிந்து நகரத்து ஓரத்தில் ஏங்கி மடிந்தார்கள். ஊரிலேயே இயந்திரம் வையுங்கள் என்றால், அந்தத் தூரத்தில் அது நடக்கிற காரியமா என்றார்கள். கின்டோர், கிவிர்குரா ஊர்களின் ஓவியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தூரிகையை எடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் கூடிப் பெரிய ஓவியங்களைத் தீட்டினார்கள். 2000 நவம்பரில் சிட்னி ஓவியக் கூடத்தில் அவற்றை ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. 2004 இல் கின்டோரிலேயே டயலிசிஸ் தொடங்கியது. இன்று ஊதா வீடு என்று பொருள்படும் பெயரோடு, அந்தப் பணிக்காக எழுந்த அமைப்பு பல தொலைதூர ஊர்களில் இயந்திரங்களை நடத்துகிறது. ஊர் ஊராகப் போகும் ஊதா நிற லொறியிலும் இயந்திரம் உண்டு. அங்கே தர்மம் செய்தவர்கள் யார்? நோயுற்ற மக்களே! ஏலத்தில் காசு கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஆனால் அந்தக் காசால் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் பின்டுபி மக்கள்.

இது ஒன்றுதானா? இல்லை. 1980 இல் மாநில, பிராந்திய எல்லைகள் மூன்று சந்திக்கும் பாலைவனத்தில் பெண்கள் கூடி ஒரு மன்றம் அமைத்தார்கள். சுருக்கமாக என்.பி.வை. பெண்கள் மன்றம். அவர்கள் பணி செய்யும் பரப்பு 3,50,000 சதுர கிலோமீற்றர். இலங்கையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆர்னம் லாண்டில் 1972 இல் தொடங்கிய முன்னேற்றக் கழகம் யொல்ங்கு மக்களுக்கே சொந்தமான கடைகளை நடத்துகிறது. யாழ்ப்பாணத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையை அறிந்தவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே தெரியும். அலிஸ் ஸ்பிரிங்ஸில் வால்ட்யா என்ற அமைப்பைத் தொலைதூர ஊர்களின் பெண்களே வழிநடத்துகிறார்கள்; உதவி தேவைப்படும் குடும்பம் அவர்களுக்கு உறவுமுறை. உறவுக்காரியிடம் கேட்பதில் கூச்சம் குறைவு. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். இரவச்சத்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். கொடுப்பதன் சிறப்பையும் கேட்பதன் வலியையும் ஒருவரே எழுதினார். நாம் முதலாவதை மட்டும் படித்துவிட்டு நிவாரணத்துக்குக் கிளம்பக்கூடாது.

அரசும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. 2020 இல் அரசுகளும் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் கையெழுத்திட்ட தேசிய ஒப்பந்தம், தீர்மானங்களில் பங்கு என்பதை முதல் சீர்திருத்தமாக வைத்தது. 2025 இல், 150க்கும் மேற்பட்ட தொலைதூரக் கடைகளில் 30 அத்தியாவசியப் பொருட்களின் விலையைக் குறைக்கும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. இது பெரிய காரியம். கடையில் பால் நியாய விலைக்குக் கிடைத்தால், பால் வாங்க நிவாரணச் சீட்டு வேண்டாமே! நல்ல நிவாரணம் தன்னுடைய தேவையைத் தானே குறைத்துக்கொண்டு போகும்.

நிறைவாக, அன்பர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது: கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டில் மிஞ்சிய உடுப்பைப் பெட்டியில் கட்டி ஆயிரம் மைல் அனுப்பாதீர்கள். அந்த லொறிக் கூலிக்கு அங்கேயே புதுக் கம்பளி வாங்கலாம். எது வேண்டும் என்று அங்குள்ள அமைப்பிடம் கேளுங்கள். கம்பளி என்றால் கம்பளி. மின்சாரத்துக்குக் காசு என்றால் காசு. இறுதிச் சடங்குக்கு வாகனம் என்றால் வாகனம்.

இரண்டாவது: அந்த மக்களே நடத்தும் அமைப்புகளுக்கு, நிபந்தனை வைக்காமல், தவறாமல் கொடுங்கள். வெள்ளம் வந்த வாரம் எல்லோரும் கொடுப்பார்கள். தொலைக்காட்சி திரும்பிப் போன பிறகு மூன்றாம் மாதம் கொடுப்பவர் யார்? நம் சங்கம் அந்த மூன்றாம் மாதத்துக்குரிய சங்கமாக இருக்கட்டும்.

மூன்றாவது: கொடுத்ததோடு நிற்காதீர்கள், குரலும் கொடுங்கள். நாற்பது பாகை வெயிலில் ஏழை வீட்டு மின்சாரம் தானாக அணைந்துபோகும் ஏற்பாட்டை எந்தப் பொதியாலும் தீர்க்க முடியாது; சட்டத்தால்தான் தீர்க்க முடியும். உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். அவர் நம் பொங்கல் விழாவுக்கு வரும்போது மாலை போடுகிறோம் அல்லவா? மாலையோடு இந்தக் கேள்வியையும் போடுங்கள்.

இந்த நாட்டில் நாம் வீடு கட்டினோம், கோயில் கட்டினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். எல்லாம் அவர்களுடைய மண்ணில். ஆகவே நாம் கொடுக்கப் போவதைத் தர்மம் என்று கணக்கில் எழுத வேண்டாம். கடன் என்று எழுதுவோம். கடன் தீர்ப்பவன் நிபந்தனை போடுவதில்லை. எடுத்துப் போய் அவர்கள் கையில் வைப்போம். எதற்குச் செலவழிப்பது என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும்.